வைக்கோல் வீட்டில் ஒரு கொத்தனார்

என் தங்கை வைக்கோலில் வீடு கட்டுகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று நான் சிரித்த சிரிப்பில், சாரத்தில் நின்றிருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு என்னை எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தோரு வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறவன் நான். செங்கல்லோ கருங்கல்லோ, எதைக் கொடுத்தாலும் சுவராக்கிக் காட்டுவேன். மாடு தின்கிற சமாச்சாரத்தை அடுக்கி, அதற்குள் மனிதன் படுத்துக்கொள்வதாவது! "மாடு விருந்தாளியா வந்தா வீட்டை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்று முழுக்க அதே பெருமை.

சிரித்தேனே தவிர, நேரில் போய்க் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. நானும் அவளும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். அவள் முன்பு குடியிருந்த வீட்டில் ஒரு குளியலறை கட்டிக்கொடுத்தேன். வேலை முடிகிற நாளில், என் ஆட்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போது, அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தச் சுவர் கொஞ்சம் சாயுதே" என்றாள். தையல்காரி சொல்லி ஒரு கொத்தனார் சுவரைப் பார்ப்பதா? இருந்தாலும் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தேன். கால் அங்குலம் சாய்ந்துதான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாயாமல் இருந்திருந்தால் அவளைக் கேலி செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருப்பேன். சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன்தான், பிறகு அந்த வாசல் பக்கம் போகவே இல்லை. அவள் இரண்டு முறை ஆள் அனுப்பினாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் என் வேலை இடத்துக்கு அவளுடைய கணவர் வந்து நின்றார். பார்சல் அலுவலகத்தில் இருபது வருடமாக மூட்டை கட்டுகிறவர். சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். எனக்கு அவரைக் கண்டால் எப்போதுமே கொஞ்சம் இளக்காரம். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"மச்சான், மண் பூச ஆள் வேணும்" என்றார். "வர்றவங்க எல்லாம் சிமெண்டைத் தவிர வேற எதையும் தொட மாட்டேங்கிறாங்க."

"அவ சொல்லி அனுப்பினாளா?"

"இல்ல. நான் இங்க வந்ததே அவளுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

"திட்டுவா" என்றார், சாதாரணமாக. "வாங்க மச்சான். மழைக்கு முன்னாடி முடிக்கணும்."

போகக்கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். "வேடிக்கை பார்க்க எதுக்குக் கையில பூச்சுக் கரணை?" என்று அவள் கேட்டாள்.

தங்கை ஒரு வைக்கோல் கட்டின் மேல் ஒரு காலை மடித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் என் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு ஊசி. அதில் கயிறு கோத்து, ஒரு முழுக் கட்டைக் குறுக்கே குத்தி, நடுவில் இரண்டாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரத்துக்கு அரைக்கட்டு வேண்டுமாம். தலை நரைத்திருந்தது. ஒன்பது வருடம் என்பது அவ்வளவு நாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஊசியைக் கட்டிலேயே குத்தி நிறுத்திவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்றாள்.

"குடிக்கிறேன்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சு.

அவள் வீட்டைத் திட்டம் போட்டிருந்த விதத்தைப் பார்த்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அசந்துபோனேன். கட்டம் போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தாள். ஒரு கட்டத்துக்கு ஒரு வைக்கோல் கட்டு. கட்டு மூன்றடி நீளம் என்றால் சுவரும் மூன்று மூன்றடியாகத்தான் வளர வேண்டும். ஜன்னல் எங்கே, கதவு எங்கே என்பதைக் கட்டுதான் முடிவு செய்கிறது. துணியின் அகலத்தைப் பார்த்துச் சட்டை வெட்டுவது போலத்தான் என்றாள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கல் அடித்தளம். அதன் மேல் இரண்டு வரிசை மரம், நடுவில் சரளைக்கல். ஈரம் ஏறக்கூடாதாம். மரத்தூண்களை நட்டு முதலில் கூரையைப் போட்டுவிட்டார்கள். கூரைக்குக் கீழேதான் கட்டுகளை அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மூங்கில் முளை அடித்துப் பிணைத்திருந்தார்கள். முப்பத்தோரு வருடத்தில் கூரையைப் போட்டுவிட்டுச் சுவர் வைத்ததை நான் பார்த்ததில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு சட்டை போடுகிற ஆள் மாதிரி இருந்தது.

யாரும் பார்க்காதபோது தோளால் சுவரை ஒரு இடி இடித்தேன். அசையவில்லை. என் தோள்தான் இரண்டு நாள் வலித்தது. உள்ளே போனேன். பக்கத்து மனையில் மர அறுவை இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அது எங்கோ தூரத்தில் கேட்டது. ஒன்றரை அடி தடிமனில் ஒரு ஜன்னல் விளிம்பு. ஆள் ஏறி உட்காரலாம். உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, எனக்கு என்ன.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்று தங்கை விரலை நீட்டிச் சொன்னாள். "இந்தச் சுவருல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. நனைஞ்சு உள்ளயே ஈரம் தங்கிடுச்சுன்னா அழுகிடும். கட்டு எல்லாம் அறுவடை சமயத்துல வாங்கி வெச்சது. இன்னொரு கட்டு வேணும்னா அடுத்த அறுவடைதான்."

மழைக்கு நாற்பது நாள் இருந்தது. பூசிய மண் காய முப்பது நாள் ஆகும். இருக்கிற வாடகை வீட்டை மழைக்கு முன்னால் காலி செய்வதாக அவர்கள் வாக்குக் கொடுத்தாயிற்று. கணக்கு அவ்வளவுதான், அதில் ஒரு விரல் நுழைய இடமில்லை. அவள் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். மழையைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பற்றிச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான்கு நாள் மண் குழைத்தோம். களிமண், மணல், விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல், மூன்றையும் காலால் மிதிக்க வேண்டும். மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பாள் தங்கை. சிதறினால் களிமண் போதாது, சப்பையானால் தண்ணீர் அதிகம். மூன்றாம் நாளே உருண்டை பிடிக்காமல், விரலால் நசுக்கியே நான் சொல்லிவிட்டேன். சரியாக இருந்தது. அவள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து நாள் சும்மா மிதித்திருப்பேன்.

நான்காம் நாள் சாயங்காலம், "அண்ணா, நாளைக்குக் கிழக்குச் சுவரை நீ ஆரம்பி" என்றாள். சொல்லிவிட்டு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை வழக்கம்போல நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டு அவள் பின்னாலேயே போனார். நான் மட்டும் கரணையைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

கிழக்குச் சுவர் என் சுவர். நாளைக்கு முதல் பூச்சு. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் வீட்டில் நான் தொடுகிற சுவர். அது நிற்க வேண்டும். ஒரு கீறல் விழக்கூடாது. உலர்ந்த சுவரில் நான் என்றைக்குப் பூசியிருக்கிறேன்? உலர்ந்த சுவர் சாந்திலிருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், பூச்சு பொருக்குத் தட்டி உதிரும். முந்தின நாளே நன்றாக நனைத்து வைக்க வேண்டும். இதை நான் யாரிடமும் கேட்டுச் செய்வதில்லை. மூச்சு விடுவதை யாரிடமாவது கேட்பார்களா? தார்ப்பாயை அவிழ்த்து மேலே சுருட்டினேன். மண் குழைக்க வைத்திருந்த ரப்பர் குழாயை இழுத்து வந்து, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நனைத்தேன். வைக்கோல் தண்ணீரை அப்படியே வாங்கிக்கொண்டது. சரியான குடிகாரச் சுவர் என்று நினைத்து இன்னொரு முறை நனைத்தேன். பிறகு, நம் வேலையில் குறை இருக்கக்கூடாது என்று மூன்றாவது முறையும். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே செய்தேன். தார்ப்பாயைத் திரும்பக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் திருப்தியாகத் தூங்கினேன்.

ராத்திரி லேசாக ஒரு தூறல் போட்டதாம். எனக்குத் தெரியாது.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது தங்கையின் குரல் தெருமுனைக்கே கேட்டது. ஒரு மூலையில் தார்ப்பாய் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் ஈரம் பார்க்கிற சின்ன மீட்டர். விரல் நீளத்துக்கு அதில் இரண்டு ஊசிகள். சுவரில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே கணவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"தூறல்தானே, லேசாத்தானே பெஞ்சுது! ஒரு கயிறு ஒழுங்காக் கட்டத் தெரியல. இருபது வருஷமா என்ன மூட்டை கட்டினீங்க? இருபத்தஞ்சு காட்டுது. பதினஞ்சைத் தாண்டக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "கவனிக்கல. தப்புதான்" என்றார்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"பரவால்ல, மேலாகத்தான் நனைஞ்சிருக்கும்" என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். "தூறல் எவ்வளவு உள்ள போயிடப்போகுது? மூணு நாள் வெயிலுக்குத் திறந்து வெச்சாக் காஞ்சிடும். அப்புறம் பூசிக்கலாம். அண்ணா, நீ அதுவரைக்கும் மேற்குச் சுவரைப் பாரு."

நான் மேற்குச் சுவருக்குப் போனேன். போனேனே தவிர, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று முறை. மேலே காயும், மீட்டர் பதினைந்து காட்டும், அவள் சந்தோஷமாகப் பூசச் சொல்வாள். உள்ளே, அடிவரிசைக் கட்டுகள் மண்ணுக்குப் பின்னால் சத்தமில்லாமல் அழுகும். சொன்னால்? கால் அங்குலத்துக்கே நாலு பேர் முன்னால் சொன்னவள். இதற்கு என்ன சொல்வாள்? நானும் என்னைப் பற்றி அறிவேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு ரோஷம் வரும், ரோஷம் வந்தால் நான் போய்விடுவேன். இனி ஒன்பது வருடம் போய் இன்னொரு தடவை சமாதானம் ஆக எனக்கு வயது இல்லை.

மத்தியானம் வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மாப்பிள்ளை மண் குழிக்குப் பக்கத்தில் தனியாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, கயிறு நீங்க சரியாத்தான் கட்டியிருந்தீங்க."

"தெரியும் மச்சான்" என்றார், காலை நிறுத்தாமல்.

"தெரியுமா?"

"அவுந்து கிடந்த கயித்துல இருந்தது என் முடிச்சு இல்ல. நீங்க சுவரைப் பார்க்கணும்னு அவுத்திருப்பீங்க, திரும்பக் கட்டும்போது தளர்ந்திருக்கும். இதுல என்ன இருக்கு?"

"அப்புறம் ஏன்யா அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டு நின்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "என்னைத் தினமும் திட்டுறா. சாயங்காலம் மறந்துடுவா. உங்களைத் திட்டினா நீங்க போயிடுவீங்க மச்சான். நீங்க போனப்ப அவ எப்படி இருந்தாங்கிறதை நான்தான் பார்த்தேன்."

இந்த மனிதரைத்தான் நான் இத்தனை வருடம் மூட்டைக்காரர் என்று இளக்காரமாக நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"தூறல் இல்ல மாப்பிள்ளை" என்றேன். "நான்தான் தண்ணி விட்டேன். குழாய் வெச்சு. பூசறதுக்கு முன்னாடி நனைக்கணும்னு."

அவர் கால் நின்றுவிட்டது. "எவ்வளவு?"

"மூணு தடவை."

அவர் குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இதை நான் வாங்கிக்க முடியாது மச்சான்" என்றார். "கட்டைப் பிரிக்கணும்னா இன்னைக்கே பிரிக்கணும். நீங்கதான் போய்ச் சொல்லணும்."

போனேன். தங்கை ஊசியும் கயிறுமாக உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாடிக்கொண்டு செய்ததைக்கூட. அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து போய்க் கிழக்குச் சுவரின் அடிவரிசைக்குள் கையை விட்டாள். முழங்கை வரை விட்டு, ஒரு பிடி வைக்கோலைப் பிய்த்து எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அன்னைக்குச் சுவர் சாயுதுன்னு சொன்னேன்" என்றாள். "ஒன்பது வருஷம் வரல. இப்ப நான் என்ன சொல்லட்டும்? சொன்னா எத்தனை வருஷம்? அதை முதல்ல சொல்லு."

"நீ திட்டு" என்றேன். "திட்டிட்டு வேலையைச் சொல்லு. நான் போகல."

திட்டினாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு திட்டை நான் வாங்கியதில்லை. சுவரில் ஆரம்பித்து, இரண்டு முறை ஆள் அனுப்பியும் வராததற்கு வந்து, அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனை வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பியதற்குப் போனாள். நான் வந்தது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பதில் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. ரோஷம் வரும் என்று பார்த்தேன். எங்கே போயிற்றோ, வரவில்லை. இடையில் மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

ஓய்ந்ததும் அரிவாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். மூங்கில் முளைகளை அறுத்து, மேலிருந்து ஒவ்வொரு கட்டாக உருவினோம். மேல் வரிசைகள் தப்பித்திருந்தன. கீழே வரவரக் கனத்தது. மொத்தம் பத்தொன்பது கட்டு ஈரம். மீதம் வைத்திருந்தது எட்டுதான். நனைந்ததை உடனே பிரித்து மெல்லிசாகப் பரப்பி, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் பிழைக்கலாம் என்றாள். ஒரு ராத்திரிதான் ஆகியிருக்கிறது. மூன்று நாள் விட்டிருந்தால் சூடு பிடித்துக் கறுத்திருக்கும். திரும்பக் கட்டாக்குவதற்கு என்ன வழி என்று மாப்பிள்ளை கேட்டார். கான்கிரீட்டுக்கு அடிக்கிற பலகை என்னிடம் நிறைய இருக்கிறது, மூன்றடிக்கு ஒரு பெட்டி அடித்து, மேலே ஒரு நெம்புகோல் வைத்து அழுத்தித் தருகிறேன் என்றேன். முடிச்சு அவர் போடட்டும். அந்தப் பெட்டியில் பிறகு பதினாறு கட்டு பிழைத்து எழுந்தது, மழைக்கு இரண்டு நாள் முன்னால் கடைசிப் பூச்சும் காய்ந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. கிழக்குப் பக்கம் வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கடைசிக் கட்டு ஊறிப்போய், தனி ஆளால் தூக்க முடியாத கனத்தில் கிடந்தது. ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனைக்கு அவள் வந்தாள். இருவரும் குனிந்த நிலையில், என் முகத்தைப் பார்க்காமல், கட்டின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, நாளைக்கு வருவியா?"

இவ்வளவு திட்டியவள் இதைக் கேட்கும்போது குரல் சின்னதாகிவிட்டது. ஒன்பது வருடமாகப் புண்பட்டவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வருவேன்" என்றேன். "விடியறதுக்குள்ள வந்துடுவேன்."

"தூக்கு" என்றாள். தூக்கினோம்.